சிறுவர் செய்யும் வன்முறைக் குற்றத்தில் சமூகத்துக்கு என்ன பங்கு?

கூட்டுப் பொறுப்பு என்றால் வெட்டியவன் கையோடு குற்றத்தை முடித்துவிடாமல், அந்தக் கை வரை அரிவாள் எப்படி வந்தது என்றும் கேட்பது.

2023 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் நாங்குநேரியில் பிளஸ் டூ மாணவனும் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்டார்கள். பிடிபட்டவர்களில் அதே பள்ளி மாணவர்களும் இருந்தார்கள். பள்ளியில் நடந்த சாதிக் கொடுமையைச் சொன்னதுதான் வெட்டுப்பட்ட மாணவன் செய்தது. பகை பையன்கள் தாமாகக் கண்டுபிடித்ததல்ல. சாதியைக் காட்டும் மணிக்கட்டுக் கயிற்றின் நிறம், கோயில் கொடைக்கு அடிக்கும் பிளக்ஸ், "நம்ம பயலுவ" என்று வீட்டில் பேசுவது, எல்லாம் பெரியவர்கள் கொடுத்தவை. இதற்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் சாதிக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்கச் சொன்னது.

குளத்துக்கரை உடைவது ஒரே இடத்தில்தான். ஆனால் நண்டு வளையைப் பார்த்தும் அடைக்காமல் போனவர்கள் பலர்.

அடைப்பது எப்படி? மாணவன் புகார் சொன்னால் அன்றே எழுதி வாங்குங்கள். சொன்னவன் பெயர் எதிர்த்தரப்புக்குப் போகவே கூடாது. பெரும்பாலும் பழிவாங்கல் அங்கேதான் தொடங்குகிறது. இரு தரப்பையும் நிற்கவைத்துக் கைகுலுக்கச் சொல்வது சமரசம் ஆகாது. பையன் பள்ளிக்கு வராமல் நின்றால் வீட்டுக்கே போய் விசாரியுங்கள். மிரட்டல் தொடர்ந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

சமூகத்தைச் சொன்னால் பையன் தப்பிவிடுவான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல: 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி, 16 வயது நிறைந்தவர் கொடுங்குற்றம் செய்தால், இளைஞர் நீதிக் குழுமம் ஆராய்ந்து, பெரியவரைப் போலவே விசாரிக்கக் குழந்தைகள் நீதிமன்றத்துக்கு அனுப்பலாம்.