போர் முடிந்தும் இலங்கைத் தமிழர்கள் ஏன் இன்னும் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள்?

'2009-லேயே போர் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் திரும்பவில்லை?' என்பது கேள்வி. திரும்பியவர்களும் உண்டு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியுடன் ஆயிரக்கணக்கானோர் விமானத்தில் போயிருக்கிறார்கள். ஆனால் போர் நிற்பது ஒரு காரணம்தான். அங்கே போய் எதை வைத்துப் பிழைப்பது என்பதும் இருக்கிறது.

முதலில் நிலம். யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கில் ராணுவம் எடுத்துக்கொண்ட காணிகளில் ஒரு பகுதிதான், அதுவும் மெல்ல மெல்ல, விடுவிக்கப்பட்டது. காணி உறுதி (நிலப் பத்திரம்) கையில் இருப்பவருக்கே இந்தப் பாடு. தேயிலைத் தோட்டங்கள் உள்ள மலையகத்திலிருந்து, தமிழர்களுக்கு எதிரான 1977 கலவரத்துக்குப் பிறகு வடக்கே வன்னியில் குடியேறி, அங்கிருந்து இங்கே வந்தவர்கள் பலருக்குச் சொந்தக் காணியே கிடையாது. அவர்களை 'ஊருக்குப் போ' என்றால் எந்த ஊருக்கு?

அப்புறம் பிள்ளைகள். மண்டபம் முகாமிலோ கும்மிடிப்பூண்டி முகாமிலோ பிறந்து, இங்கேயே படித்து, கல்யாணமும் முடித்தவர்களுக்கு இலங்கை என்பது பெற்றோர் சொன்ன கதை. முதியவர்கள் கிளம்பத் தயாராக இருந்தாலும் பேரப்பிள்ளைகளை விட்டுப் போக மாட்டார்கள்.

இருந்துவிடுவதும் சுலபமில்லை. 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தாலும், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் பிறப்பால் குடியுரிமை கிடைக்காது. அண்டை நாடுகள் சிலவற்றிலிருந்து வந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் 2019 திருத்தச் சட்டத்திலும் இலங்கை இல்லை. 2021-ல் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது; குடியுரிமைச் சிக்கல் மாறவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியின்போது தலைமன்னாரிலிருந்து புதிதாகப் படகேறி வந்தவர்களைப் பார்த்தபின், போக நினைத்த சிலரும் தயங்கியிருந்தால் அதில் வியப்பில்லை.