மூடிய ஷெட்டில் நிற்கும் பழைய கார் ஏன் துருப்பிடிக்கிறது?

சென்னை மாதிரி கடலோர ஊரில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய காரை வெளியே எடுக்காமலே வைத்திருந்தாலும் துரு வருகிறதே, ஏன்? காரணம் ஒப்பு ஈரப்பதம். அந்த வெப்பநிலையில் காற்றில் இருக்கக்கூடிய உச்ச அளவு நீராவியில், இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே அது. 60-ஐத் தாண்டினால் துரு வேகமெடுக்கும். உப்பு படிந்திருந்தால் அதற்கும் கீழேயே ஆரம்பித்துவிடும். இரவில் குளிர்ந்த தகட்டில் காலையில் ஈரக்காற்று பட்டால், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் வியர்ப்பதுபோல் சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) முழுக்க நீர் கோக்கும்.

காற்றிலிருந்து ஈரத்தை எடுக்கும் டீஹியூமிடிஃபையர் மெஷின் வாங்கும் முன் ஷெட்டின் தரையைச் சோதியுங்கள். இரண்டடிச் சதுர பாலிதீன் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. அப்படியானால் ஈரம் தாங்கும் எப்பாக்ஸி பிரைமர் (பிசின் வகை அடிப்பூச்சு) தரையில் முதலில் பூச வேண்டும். சாதா எப்பாக்ஸி கொப்புளித்து உரிந்துவிடும்.

வெளி ஈரக்காற்று நுழையாமல் ஷட்டர் அடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் இடுக்கில் சிலிகான். அதன் பிறகே கம்ப்ரஸர் வகை டீஹியூமிடிஃபையர், 50 சதவீதத்தில். 40-க்குக் கீழே போனால் மர டேஷ்போர்டும் தோல் சீட்டும் வெடிக்கும். வாளி நிரம்பினால் மெஷின் நின்றுவிடும். வடிகுழாயை வெளியே விடுங்கள். ஈரமானியைச் சுவரில் மாட்டாமல் காருக்கடியில் வையுங்கள், பிரச்சினை அங்கேதான்.

பிளாஸ்டிக் தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்துவது பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். அது ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும், காற்று போய்வரும் பருத்தி உறைதான் சரி.