மறு: ஸ்டார் கொடுக்க ஆரம்பித்ததும் மகளின் கற்பனை போய்விட்டதா?

வணக்கம் சகோதரி. படத்துக்கு ஒரு ஸ்டார், பத்து ஸ்டார் சேர்ந்தால் பொம்மை என்று சொன்ன பிறகு, ஆறு வயது மகள் அதே இரண்டு மலையும் நடுவில் சூரியனுமாக அவசரமாய் வரைந்து நீட்டுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கற்பனை எங்கும் போகவில்லை. ஸ்டார் கணக்கை மட்டும் நிறுத்துங்கள்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய உங்கள் வீட்டுக் கதைதான். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நர்சரியில், வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளில் சிலரிடம் மட்டும் 'வரைந்தால் சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். அவர்கள் படங்களை நிறையப் போட்டார்கள், ஆனால் தரம் குறைந்தது. ஓரிரு வாரம் கழித்து விளையாட்டு நேரத்தில் அதே ஸ்கெட்ச் பேனாக்களை வைத்தபோது, மற்றப் பிள்ளைகள் வரைந்த நேரத்தில் பாதிதான் அவர்கள் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் வாங்கிய பிள்ளைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. அதனால் பரிசே கூடாது என்று பயப்பட வேண்டாம். முன்னாலேயே பேரம் பேசுவதுதான் கெடுக்கிறது.

'எனக்கே கற்பனை கிடையாது, அதுதான் அவளுக்கும்' என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்க மாட்டேன். இது பரிசுப் பேச்சு செய்கிற வேலை. புதுவழி யோசிக்க வேண்டிய புதிர் ஒன்றில், பணம் தருவதாகச் சொன்னதும் பெரியவர்களே மெதுவானார்கள் என்று 1962இல் கிளக்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் காட்டினார்.

சொன்ன பொம்மையை வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பிள்ளையை ஏமாற்றக் கூடாது. அப்புறம் அந்தப் பேச்சே வேண்டாம். பேப்பரும் கிரேயானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். படம் காட்டினால் 'சூப்பர்' என்பதோடு நிறுத்தாமல், 'மலைக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள்?' என்று கேளுங்கள். கொஞ்ச நாள் வரையாமல் இருந்தாலும் வற்புறுத்தாதீர்கள்.