பில்டுக்கு ஆர்ட்டிஃபாக்ட் களஞ்சியம் எதற்கு, எதைத் தேர்ந்தெடுப்பது?

மூலநிரலை ஓடக்கூடிய மென்பொருளாக மாற்றும் வேலைதான் பில்டு. அதற்குத் தேவைப்படும் வெளி நூலகங்களையும் (பிறர் எழுதிய ஆயத்த நிரல்கள்), பில்டு முடிந்து கிடைக்கும் ஜார் கோப்பு (ஜாவா நிரல் பொதி), டாக்கர் இமேஜ் (நிரலையும் அது ஓடத் தேவையானவற்றையும் சேர்த்துக் கட்டிய பொதி) போன்றவற்றையும் பதிப்பு எண்ணோடு சேமித்து வழங்கும் சர்வர்தான் ஆர்ட்டிஃபாக்ட் களஞ்சியம்.

வீட்டுக் குதிரில் நெல் இருந்தால் கடை அடைத்த நாளிலும் உலை கொதிக்கும். 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற வெறும் 11 வரி நிரலை, எழுதியவரே என்பிஎம் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்களின் பொதுக் களஞ்சியத்திலிருந்து நீக்கிவிட்டார். அது எங்கோ அடியில் இருப்பதுகூடத் தெரியாத எத்தனையோ திட்டங்களின் பில்டு அன்று நின்றுபோனது. சொந்தச் சர்வரில் நகல் இருந்தால் இந்த அடி விழாது.

தேர்வு செய்யும்போது, உங்கள் குழு பயன்படுத்தும் பொதி வடிவங்களை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நெக்ஸஸ் என்ற களஞ்சிய மென்பொருளின் இலவசப் பதிப்பு மேவன் (ஜாவா நூலகங்களுக்கானது), என்பிஎம், டாக்கர் மூன்றையும் ஏற்கும். இன்னொரு களஞ்சிய மென்பொருளான ஆர்ட்டிஃபாக்டரியின் திறந்தமூலப் பதிப்பு பெரும்பாலும் ஜாவா உலகத்துக்கானது. என்பிஎம் வேண்டுமென்றால் கட்டணப் பதிப்புக்குப் போக வேண்டும். வெளியிட்ட 1.4.2 பதிப்பின் மேல் இன்னொருவர் அதே எண்ணில் எழுதிவிடாமல் தடுக்கும் வசதியையும் கட்டாயம் பாருங்கள். என் கணிப்பில் விலையைவிட இது முக்கியம்.

“கிட் இருக்கும்போது இது எதற்கு?” என்று பலர் கேட்கிறார்கள், கிட் மூலநிரலின் மாற்றங்களைக் காப்பதற்கானது, பில்டில் பிறக்கும் பெரிய கோப்புகளைச் சேர்த்து வைப்பதற்கானது அல்ல.