ஓரக்கண்ணால் படிக்க முடியுமா? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வேகமாகப் படிக்கச் சொல்லித்தரும் இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறேன். ஓரப்பார்வையைப் பழக்கினால் ஒரு வரியை, போகப்போக ஒரு பத்தியையே, ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். படித்த இடத்துக்குக் கண் திரும்பக் கூடாதாம், மனசுக்குள் உச்சரிக்கக் கூடாதாம். எனக்கு எதுவுமே வரவில்லை. கண் தானாகப் பின்னால் போய்விடுகிறது. கஷ்டப்பட்டு அடக்கினால், பக்கம் முடிந்ததும் என்ன படித்தேன் என்றே தெரிவதில்லை. என் கண்ணில் கோளாறா, பயிற்சி போதவில்லையா? எட்டு வயது மகள் வரிக்குக் கீழே விரலை ஓட்டிப் படிக்கிறாள். அந்தப் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்கிறார்கள். நிறுத்தலாமா?

கே.

அன்புள்ள கே.,

நீங்கள் எழுதியிருப்பதில் கோளாறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. நன்றாகப் படிப்பவர்களின் கண்ணும் அப்படித்தான் போய்வருகிறது. வகுப்பில் சொன்னதைத்தான் நான் ஏற்கவில்லை.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். இந்த வரியின் நடுவில் ஏதாவது ஒரு சொல்லில் பார்வையை நிறுத்துங்கள். விழியை அசைக்காமல், வலப்பக்கம் மூன்றாவதாக இருக்கும் சொல் என்னவென்று சொல்லப் பாருங்கள். அங்கே ஏதோ எழுத்துகள் இருக்கின்றன, இவ்வளவு நீளம், அப்புறம் ஓர் இடைவெளி, அவ்வளவுதான் பிடிபடும். விழித்திரையின் நடுவில் உள்ள சிறு குழி ஒன்றுதான் எழுத்தைக் கூர்மையாகப் பார்க்கிறது. அதன் வீச்சு சுமார் 2 பாகை. கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால், அந்த விரலின் அகலம்தான் அது. அங்கே கூம்பு செல்கள், அதாவது நுணுக்கமாகப் பார்க்க உதவும் ஒளி உணர் செல்கள், நெருங்கி அடைந்திருக்கின்றன. நடுவைவிட்டு விலகினால் அவை சட்டென்று குறைந்துவிடுகின்றன. இன்னொரு சிக்கலும் உண்டு. தனியாக இருக்கும்போது ஓரத்திலும் அடையாளம் தெரிகிற எழுத்து, இருபுறமும் வேறு எழுத்துகள் வந்தவுடன் அவற்றோடு சேர்ந்து குழம்பிவிடும். அச்சில் எழுத்து தனியாக நிற்பது ஏது?

சூத்திரங்கள் அமையும் விதத்துக்கு இலக்கணத்தில் நான்கு பெயர் சொல்வார்கள். ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. படிக்கும்போது நம் கண் ஆற்றொழுக்காகப் போவதாக நினைக்கிறோம். உண்மையில் அது தவளைப் பாய்த்து. நடுநடுவே அரிமாபோலப் பின்னாலும் திரும்பிப் பார்க்கும்.

இது 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாரிசில், கண் மருத்துவர் எமில் ஜவாலின் ஆய்வகத்திலேயே தெரிந்துவிட்டது. பின்னர் அமெரிக்க உளவியலாளர் எட்மண்ட் ஹ்யூயி அதைப் பதிவு செய்த விதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு கூசுகிறது. விழியை மருந்தால் மரத்துப்போகச் செய்து, அதன்மேல் பாரிஸ் சாந்தில் (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்) செய்த ஒரு சின்னக் கிண்ணத்தைப் பொருத்தினார். கிண்ணத்தோடு மெல்லிய அலுமினியக் குச்சி ஒன்றை இணைத்தார். விழி அசைய அசைய, புகை படிந்த உருளையில் குச்சி கோடு கிழித்தது. கோடு வழுக்கிக்கொண்டு போகவில்லை. தாவியது, நின்றது, மறுபடி தாவியது.

ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியாக 200 முதல் 250 மில்லி விநாடி. ஒரு தாவலுக்கு 20 முதல் 35 மில்லி விநாடி. ஆங்கிலத்தில் ஒரு தாவல் 7 முதல் 9 எழுத்துகளைத் தாண்டும். தாவும் நேரத்தில் கண் புதிதாக எதையும் வாங்குவதில்லை. கண்ணாடி முன் நின்று உங்கள் இடது விழியையும் வலது விழியையும் மாறி மாறிப் பாருங்கள். விழி நகர்வது உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும்.

சரி, ஒரு நிறுத்தத்தில் எவ்வளவுதான் கிடைக்கிறது? 1975இல் ஜார்ஜ் மெக்கான்கியும் கீத் ரேனரும் இதை அளக்க அழகான ஒரு வழி கண்டார்கள். திரையில் ஒருவர் படிக்கிறார். அவர் கண் எங்கே நிற்கிறது என்று கருவி பார்த்துக்கொண்டே இருக்கிறது. கண் நிற்கும் இடத்தைச் சுற்றிச் சில எழுத்துகள் மட்டும் நிஜம், மற்றதெல்லாம் பெருக்கல் குறி மாதிரி ஒரே எழுத்தின் வரிசை. கண் நகர்ந்தால் இந்தச் சன்னலும் கூடவே நகரும். சன்னலை எவ்வளவு சுருக்கினால் படிப்பு தடுமாறுகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. இந்த முறையில் நடந்த ஆய்வுகளிலிருந்து, ஆங்கிலம் படிப்பவருக்கு இடப்பக்கம் 3, 4 எழுத்தும் வலப்பக்கம் 14, 15 எழுத்தும் இருந்தால் போதும் என்று தெரியவந்தது. அதற்கு அப்பால் என்ன இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேகம் மாறவில்லை. வலமிருந்து இடமாக ஓடும் ஹீப்ருவைப் படிக்கும்போது இது அப்படியே திரும்பிவிடுகிறது. ஆகவே இந்த எல்லையைப் போடுவது விழித்திரை மட்டுமல்ல, கவனமும்தான். கீழ்வரியிலிருந்து உருப்படியாக எதுவும் கிடைப்பதில்லை. ஒரு பத்தியையே ஒரே பார்வையில் வாங்கலாம் என்ற பேச்சு இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இதற்காக ஓரப்பார்வையைப் பயனற்றது என்று தள்ளிவிடாதீர்கள். அது வழி பார்த்துக் கொடுக்கிறது. அடுத்த இடைவெளி எங்கே, வரும் சொல் எத்தனை நீளம், எங்கே இறங்கலாம், எதைத் தாண்டிப் போகலாம் என்று சொல்வது அதுதான். அடுத்த சொல்லின் முதல் எழுத்துகளை முன்கூட்டியே கொஞ்சம் வாங்கி வைத்துக்கொள்வதால், கண் அங்கே போய் இறங்கும்போது வேலை குறைகிறது. ஆங்கிலத்தில் சின்னச் சொற்கள் பலவற்றில் கண் நிற்பதே இல்லை. நம் மொழியில் ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்’ என்று ஒரே சொல்லாக எழுதுகிறோம். அதை ஒரே நிறுத்தத்தில் முடித்துவிட எந்தக் கண்ணாலும் ஆகாது என்றே நினைக்கிறேன். நீண்ட கூட்டுச்சொற்கள் மிகுந்த ஃபின்னிஷ் மொழியில் அத்தகைய சொற்களில் கண் பெரும்பாலும் ஒரு முறைக்கு மேல் நிற்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

திரும்பிப் பார்ப்பதற்காக நீங்கள் குற்ற உணர்ச்சி கொள்வதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேர்ந்த வாசகர்களுக்கும் தாவல்களில் 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கித்தான். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், கண் கடந்துபோன சொற்களை உடனுக்குடன் மறைத்துவிட்டார்கள். திரும்பினாலும் பார்க்க ஒன்றுமில்லை. சிக்கலான வாக்கியங்களில் மட்டுமல்ல, சாதாரண வாக்கியங்களிலும் புரிதல் குறைந்தது. கண்ணை அடக்கினால் எதுவும் நிற்பதில்லை என்று நீங்கள் சொல்வதும் இதைத்தான். மனசுக்குள் கேட்கும் குரலையும் விரட்ட வேண்டாம். நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்தை முடிவு வரை நினைவில் வைத்திருக்க அது உதவுகிறது.

ரேனரும் நான்கு ஆய்வாளர்களும் சேர்ந்து, வேக வாசிப்பு பற்றிய ஆய்வுகளையெல்லாம் அலசி எழுதிய கட்டுரை 2016இல், ரேனர் மறைந்த மறு ஆண்டு, வந்தது. வேகத்தைப் பல மடங்கு கூட்டினால் புரிதல் குறையத்தான் செய்யும் என்பது அதன் முடிவு. தேவையானதைத் தேடி மேலோட்டமாகப் பார்ப்பது நல்ல திறமைதான், நானும் தினமும் செய்கிறேன். ஆனால் அதற்கும் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. வேகம் வேண்டுமென்றால், உங்களுக்குப் பிடித்த துறையில் நிறையப் படியுங்கள். பழகிய சொல்லில் கண் குறைவான நேரமே நிற்கிறது.

மகளின் விரலை எடுக்கச் சொல்லாதீர்கள். அந்த வயதில் நிறுத்தங்கள் நீளம், பின்தாவல்கள் அதிகம், ஒரு நிறுத்தத்தில் கிடைக்கும் எழுத்துகளும் பெரியவர்களைவிடக் குறைவு. வரியை விட்டுவிடாமல் இருக்க விரல் துணையாக இருக்கிறது. படிப்பு பழகப் பழக அவளே விட்டுவிடுவாள். விரல் வைத்தும் அடிக்கடி வரி தவறுகிறது, எழுத்து இரண்டாகத் தெரிகிறது, தலை வலிக்கிறது என்று சொன்னால் மட்டும் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.