வாசகர் கேள்வி – பதில்: ஃபேன்டசி பேஸ்பாலில் எந்த பிட்சரை எடுப்பது?

கேள்வி: அண்ணாச்சி, நாங்க பத்துப் பேர் சேர்ந்து காசு வைக்காம ஃபேன்டசி பேஸ்பால் (நிஜ வீரர்களை வச்சுக் கற்பனை அணி அமைச்சு, அவங்க ஆட்டக் கணக்குல புள்ளி எடுக்கது) ஆடுதோம். ரெண்டு ஸ்டார்ட்டிங் பிட்சர் (ஆட்டத்தைத் தொடங்கிப் பந்து வீசுறவங்க) காலியா கிடக்காங்க. ஆளுக்கு ஆறு ஆட்டம், 144 பேட்டர். ஒருத்தர் 35 இன்னிங்ஸ்ல 24 ஸ்ட்ரைக்அவுட் (மூணு ஸ்ட்ரைக்ல பேட்டர் அவுட்), 14 வாக் (நாலு தப்பான பந்தால பேட்டருக்குச் சும்மா கிடைக்க முதல் பேஸ்), 26 ஹிட் (அடிச்சுப் பத்திரமா பேஸ் சேருறது), 3 ஹோம்ரன் (வேலி தாண்டுற அடி), ஈ.ஆர்.ஏ. (9 இன்னிங்ஸுக்குச் சராசரியா கொடுத்த ரன்; குறைஞ்சா நல்லது) 2.57. இன்னொருத்தர் 34 இன்னிங்ஸ்ல 42 ஸ்ட்ரைக்அவுட், 9 வாக், 35 ஹிட், 5 ஹோம்ரன், ஈ.ஆர்.ஏ. 4.24. முதல் ஆளைத்தானே எடுக்கணும்?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை, இரண்டாமவரை எடுங்கள். ஸ்ட்ரைக்அவுட்டிலிருந்து வாக்கைக் கழித்து, சந்தித்த பேட்டர் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். முதலாமவருக்கு 7 சதவீதம், இரண்டாமவருக்கு 23. பொதுவாக 14 சதவீதத்தை ஒட்டி இருந்தால் சராசரி ஆள். 20-ஐத் தாண்டினால் விடவே கூடாது.

அப்படியானால் ஈ.ஆர்.ஏ. ஏன் தலைகீழாக இருக்கிறது? ஸ்ட்ரைக்அவுட், வாக், ஹோம்ரன் மூன்றையும் நீக்கினால் மிஞ்சுவது மட்டையில் பட்டு மைதானத்துக்குள் விழுந்த பந்துகள். முதலாமவருக்கு அப்படி 103. அதில் 23 ஹிட், அதாவது .223. இரண்டாமவருக்கு 88-இல் 30, .341. இந்தக் கணக்கு நாளடைவில் .300 பக்கம் வந்து நிற்பதுதான் வழக்கம். ஃபீல்டர் நிற்கிற இடத்துக்கே பந்து போவதும், கையிடுக்கில் நழுவுவதும் பிட்சர் கையில் பெரிதாக இல்லை. ஸ்ட்ரைக்அவுட்டும் வாக்கும் பெரும்பாலும் அவர் கையில்தான்.

ஒன்றை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாமவரின் ஃபாஸ்ட்பால் வேகம் போன சீசனைவிட மணிக்கு 2 மைல் குறைந்திருந்தால் அது வெறும் துரதிர்ஷ்டம் இல்லை. தோளிலோ முழங்கையிலோ கோளாறு இருக்கலாம்; பொறுத்துப் பாருங்கள்.

கேள்வி: 5.2 இன்னிங்ஸ்ல 2 ரன் கொடுத்தவருக்கு நான் போட்டா ஈ.ஆர்.ஏ. 3.46 வருது. ஃபேன்டசி இணையதளத்தில் 3.18 காட்டுது. எது சரி?
– வாசகர், தென்காசி

பதில்: தளம் சரி. கிரிக்கெட் ஸ்கோர் எழுதிப் பழகியவர்கள் சறுக்குகிற இடம் இது. 5.2 ஓவரில் அந்த 2 ஆறில் இரண்டு பந்து. இங்கே மூன்று அவுட்டில் இரண்டு அவுட், அதாவது 5.667. ரன்னை 9-ஆல் பெருக்கி அதனால் வகுத்தால் 3.18. பிட்சரின் சொந்தப் பொறுப்பில் வந்த ரன் மட்டுமே சேரும். ஃபீல்டர் பிழையால் வந்தது சேராது.

கேள்வி: வெற்றிக் கணக்கு அதிகம் உள்ள பிட்சரைத்தான் நண்பர் எடுக்கச் சொல்லுதார்.
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 2018-இல் நியூயார்க் மெட்ஸ் பிட்சர் ஜேக்கப் டிகிராம் ஈ.ஆர்.ஏ. 1.70. வெற்றி 10, தோல்வி 9! லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது அவருக்குத்தான் போனது. சொந்த அணி ரன் எடுக்காவிட்டால் பிட்சர் என்ன செய்வார்? உங்கள் லீக்கில் வெற்றிக்குப் பதில் 'குவாலிட்டி ஸ்டார்ட்' (6 இன்னிங்ஸாவது வீசி, சொந்தப் பொறுப்பில் 3 ரன்னுக்கு மேல் போகாதது) வைத்துக்கொண்டால் தகராறு குறையும்.

கேள்வி: ஒரே வாரத்தில் ரெண்டு ஆட்டம் வீசுறவரைக் கண்ணை மூடிட்டு எடுக்கலாமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: சுமாரான பிட்சர் என்றால் கூடாது. ஸ்ட்ரைக்அவுட் இரட்டிப்பாகும், அடி வாங்கினால் அதுவும் இரட்டிப்பு. அதில் ஒன்று டென்வரின் கூர்ஸ் ஃபீல்டு மைதானத்தில் என்றால் தொடவே வேண்டாம். கடல் மட்டத்திலிருந்து 5,200 அடி உயரம்; காற்று அடர்த்தி குறைவு என்பதால் அடித்த பந்து கூடுதல் தூரம் பறக்கும், வளையும் பந்து சரியாக வளையாது.

தேதியையும் கவனியுங்கள். கோடைக்காலத்தில் நியூயார்க்கில் திங்கள் இரவு 7 மணி நமக்குச் செவ்வாய் விடிகாலை 4.30. ஆனால் அங்கே பகல் 1 மணி ஆட்டமும் உண்டு, அது நமக்குத் திங்கள் இரவு 10.30. வாரத்துக்கு ஒருமுறை அணியைப் பூட்டும் லீக் என்றால் அதோடு பூட்டிவிடும், பிறகு மாற்ற முடியாது. அணியைத் திங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள்.