பப்ளிக் ஸ்கூல்னா கவர்ன்மென்ட் ஸ்கூல் இல்ல தம்பி

தம்பி, உங்க கேள்விய ரெண்டு தடவ படிச்சேன். லண்டன்ல குராய்டன் வந்து மூணு மாசம், பொண்ணுக்கு ஏழு வயசு, இயர் த்ரீ, கிளாஸ்ல வாயே திறக்க மாட்டேங்கிறா, வீட்டம்மா கூட வேலை பாக்குறவங்க எல்லாம் பிரைவேட்ல போடுங்கன்னு சொல்றாங்க, டெர்முக்கு 6,000 பவுண்டு, ரெண்டு சம்பளத்த இழுத்துப் பிடிச்சா கட்டிடலாம், ஆனா ஊர்ல பொதுப்பள்ளி, அருகமைப்பள்ளின்னு மேடை போட்டுப் பேசின ஆளு இங்க வந்து எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு கட்டுறது. இதானே. கூடவே லைசென்ஸ், செவுத்துல பூஞ்சை, இட்லி அரிசி எல்லாம் கேட்டிருக்கீங்க. இந்திய லைசென்ஸ்ல 12 மாசம் ஓட்டலாம், பூஞ்சைக்கு ஜன்னலத் திறந்து வைங்க, அரிசி எந்தத் தமிழ்க் கடையிலயும் கிடைக்கும். அதெல்லாம் ஒரு வருஷத்துல தானா புரிஞ்சிடும், விடுங்க. ஸ்கூல் விஷயம்தான் எனக்கு ராத்திரி தூக்கத்தக் கெடுத்துச்சு.

அப்புறம் "தோழர்"னு கூப்பிட்டிருக்கீங்க. அப்படி என்னைய யாரும் கூப்பிட்டு ரொம்ப வருஷம் ஆச்சு. எங்கப்பா திருத்துறைப்பூண்டி பக்கம் அரசு நடுநிலைப்பள்ளி வாத்தியார், சங்கத்துல இருந்தவர், ஸ்ட்ரைக்குல உள்ள போனவர். அவரோட ஸ்கூல்லயேதான் நானும் என் தங்கச்சியும் படிச்சோம். பக்கத்து டவுன்ல மெட்ரிக் ஸ்கூல் பஸ்ஸு எங்க தெரு வழியாப் போகும், அம்மா வாசல்ல நின்னு பார்ப்பாங்க, அப்பா பேப்பர விட்டு தலைய நிமிர்த்த மாட்டார். 2011-ல ஈரோட்டு கலெக்டர் தன் பொண்ணப் பஞ்சாயத்து யூனியன் ஸ்கூல்ல சேர்த்தப்போ அப்பா எனக்கு போன் போட்டு அரை மணி நேரம் பேசினார், ஏதோ அவரே சேர்த்துவிட்ட மாதிரி.

நான் 2006 ஜனவரில வந்தேன், லண்டன் ஈஸ்ட்ஹாம்ல ஒரு வீட்டோட மாடி ரூம், கீழ ரெண்டு பேச்சிலர் பசங்க, பாத்ரூமுக்கு வரிசை. பையனுக்கு அஞ்சரை வயசு. கவுன்சில் ஸ்கூல்ல, அதாவது இந்த ஊர் கவர்ன்மென்ட் ஸ்கூல்ல, இயர் ஒன்ல போட்டோம். ஜனவரில இருந்து ஈஸ்டர் வரைக்கும் புள்ள ஒரு வார்த்தை பேசல. வீட்டுல வாய் ஓயாது, ஸ்கூல் கேட்டத் தாண்டினா ஊமை. ஒருநாள் டீச்சர் கூப்பிட்டு காது டெஸ்ட் எடுக்கலாமா, வளர்ச்சில ஏதாவது பிரச்சினை இருக்கான்னு மெதுவா ஆரம்பிச்சாங்க, என் பொண்டாட்டி அங்கயே அழுதுட்டா.

இதுல என்னோட முட்டாள்தனம் ஒண்ணு இருக்கு, அதச் சொல்லிடுறேன். பையன் பையில தினமும் ஒரு மெல்லிசு கதைப் புஸ்தகமும் கூட ஒரு குட்டி நோட்டும் வரும். அது ஸ்கூல் சொத்து, தொடக்கூடாதுன்னு நெனச்சு அப்படியே திருப்பி அனுப்பிட்டு இருந்தோம். அது ரீடிங் ரெக்கார்ட். நாம புள்ளயோட உக்காந்து அந்தப் புஸ்தகத்தப் படிச்சு, எத்தனாம் பக்கம் வரைக்கும் படிச்சான்னு எழுதி கையெழுத்துப் போடணும். டீச்சர் தினமும் ஒரு வரி எழுதியிருக்காங்க, நான் ரெண்டு மாசம் திறந்தே பாக்கல. இந்தப் புள்ளையோட அப்பா அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது போலன்னு அவங்க நெனச்சிருக்காங்க. நான் எம்.சி.ஏ.

இப்ப யோசிச்சா சிரிப்பு வருது. அப்ப பயம். அந்தப் பயத்துலதான் செப்டம்பர்ல பையன பிரைவேட்ல போட்டோம். பேரு வேணாம். ஒரு பெரிய பழைய வீட்ட ஸ்கூலா மாத்தியிருந்தாங்க, விளையாட்டு மைதானம்னா பின்னாடி கார் நிறுத்துற இடம். டெர்முக்கு 2,300 பவுண்டு, நான் ராத்திரில ஒரு வேர்ஹவுஸ்ல பெட்டி தூக்கினேன், மீதி கிரெடிட் கார்டு. பதிவுக் கட்டணம் திரும்ப வராது, டெபாசிட் தனி, பிளேசர் அவங்க சொன்ன கடையிலதான் வாங்கணும், தொப்பி தனி. கிளாஸ்ல 16 புள்ளைங்கதான், அது உண்மை. கவர்ன்மென்ட் ஸ்கூல்ல சின்ன வகுப்புக்கு 30-க்கு மேல கூடாதுன்னு சட்டம், பல இடத்துல 30-ஐ தொட்டுட்டுதான் இருக்கும். ஆனா பிரைவேட்ல டீச்சர் டிரெய்னிங் முடிச்சவரா இருக்கணும்னு கட்டாயம் இல்ல, நேஷனல் கரிகுலம் சொல்லிக்குடுக்கணும்னும் கட்டாயம் இல்ல, இது எனக்கு அப்ப தெரியாது. ஒரே வருஷத்துல மூணு டீச்சர் மாறினாங்க. எல்லாம் அப்படின்னு சொல்ல வரல, நல்ல பிரைவேட் ஸ்கூல் பிரமாதமா இருக்கு, ஆனா அது நம்ம கைக்கு எட்டுற விலையில இருக்காது. நம்ம கைக்கு எட்டுற விலையில இருக்கிறது நம்ம பயத்த வச்சு நடக்குற கடை.

நாலு டெர்ம்ல முடியலடா சாமின்னு வெளிய எடுத்தோம். அப்பதான் பெரிய அடி. ஒரு முழு டெர்ம் முன்னாடியே எழுத்துல நோட்டீஸ் குடுக்கணுமாம், குடுக்கலன்னா அடுத்த டெர்ம் ஃபீஸ் மொத்தமும் கட்டணுமாம். நாங்க கையெழுத்துப் போட்ட பேப்பர்ல பொடி எழுத்துல இருந்துச்சு. புள்ள போகாத ஸ்கூலுக்கு 2,300 பவுண்டு, மாசாமாசம் பிரிச்சுக் கட்டினேன். இங்க பொதுவாவே பிரைவேட் ஸ்கூல்ல இந்த விதி உண்டு, நீங்க எங்க கையெழுத்துப் போட்டாலும் மொத மொத அதத் தேடிப் படிங்க. அப்புறம் 2025 ஜனவரி 1-ல இருந்து ஃபீஸ் மேல 20 சதம் வாட் வரி வேற. உங்ககிட்ட சொன்ன 6,000 வாட் சேர்த்தா சேர்க்காமலான்னு கேட்டீங்களா? சேர்க்காமன்னா 7,200. அந்த வாட்டப் போட்டது நீங்க ஓட்டுப் போட ஆசைப்படுற லேபர் கட்சி, அரசுப் பள்ளிக்கு 6,500 வாத்தியார் போடுறோம்னு சொல்லித்தான் போட்டாங்க. (ஓட்டு பத்தி நீங்க கேக்கல, ஆனா சொல்றேன், இந்தியன் பாஸ்போர்ட்டோடயே இங்க ஓட்டுப் போடலாம், காமன்வெல்த் நாட்டுக்காரங்கங்கிறதால. கவுன்சில்ல இருந்து ஃபார்ம் வந்தா குப்பையில போட்டுறாதீங்க.)

இனி கொள்கைக்கு வருவோம். இந்தச் சங்கடம் உங்களுக்கு மட்டும் வந்ததில்ல, இந்த ஊர் இடதுசாரிங்களுக்கு இது பரம்பரை வியாதி. டயான் அபாட், அப்ப லேபர்ல இடதுசாரி எம்.பி.யா இருந்தவர், அதே கட்சித் தலைங்க பிளேரும் ஹாரியட் ஹார்மனும் புள்ளைங்கள எட்டி இருக்கிற ஸ்கூலாப் பொறுக்கி அனுப்பினப்போ போட்டுத் தாக்கினவர். 2003-ல தன் மகன சிட்டி ஆஃப் லண்டன் ஸ்கூல்ல, காசு கட்டுற ஸ்கூல்ல சேர்த்தார். தன் தொகுதி ஹாக்னில கறுப்பினப் பசங்க ஸ்கூல்ல பின்தங்கிப் போறாங்க, தாயா எனக்குப் பயம்னார், இத நியாயப்படுத்த முடியாதுதான்னும் அவரே ஒத்துக்கிட்டார். இன்னொரு பக்கம் ஜெரமி கார்பின், பின்னால லேபர் கட்சித் தலைவரானவர். மகன பார்னெட்ல இருக்கிற கிராமர் ஸ்கூலுக்கு (பரீட்சை வச்சு எடுக்கிற அரசுப் பள்ளி) அனுப்பணும்னு மனைவி, பரீட்சை இல்லாம எல்லாரையும் சேர்த்துக்கிற பக்கத்து காம்ப்ரிஹென்சிவ்லதான் படிக்கணும்னு இவர், கடைசில குடும்பமே ரெண்டாச்சு, 1999-ல பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. பையன் கிராமர் ஸ்கூலுக்குத்தான் போனான். அவர் கொள்கை பெருசா அந்தம்மா பயம் பெருசான்னு எங்க வீட்டுலயே சண்டை நடந்திருக்கு, யார் எந்தப் பக்கம்னு சொல்லத் தேவையில்ல.

ஆனா எனக்கு இருபது வருஷத்துல புரிஞ்சது என்னன்னா, பிரைவேட் ஸ்கூல்ல மட்டும்தான் கொள்கைய வித்ததுக்கு பில்லு குடுக்குறாங்க. மத்ததுல பில்லு வராது, அவ்வளவுதான் வித்தியாசம். இங்க கவர்ன்மென்ட் ஸ்கூல்ல இடம் குடுக்குறது பெரும்பாலும் வீட்டுல இருந்து ஸ்கூலுக்கு எத்தன மீட்டர்ங்கிறத வச்சு. அதனால நல்ல ஸ்கூல் இருக்கிற தெருவுல வீட்டு வாடகை எகிறும், வாங்கப்போனா இன்னும் மோசம். ஸ்கூல்கள சோதனை போடுற ஆஃப்ஸ்டட்காரங்க 2024 செப்டம்பரோட "அவுட்ஸ்டேண்டிங்"னு ஒத்த வார்த்தை மார்க் போடுறத நிறுத்திட்டாங்க, ஆனா வீட்டு புரோக்கர் இன்னும் அந்த வார்த்தையச் சொல்லித்தான் வீட்டக் காட்டுறான். சர்ச் ஸ்கூல்ல சீட்டுக்காக ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுல போய் உக்காந்த ஆளுங்கள எனக்குத் தெரியும், நம்மாளுங்கதான், வீட்டுல பெரிய பூஜை ரூம் இருக்கு.

அப்புறம் கிராமர் ஸ்கூல். ஃபீஸ் கிடையாது, ஆனா 11 வயசுல பரீட்சை வச்சு வடிகட்டி எடுப்பாங்க. இங்கிலாந்து முழுக்க 163-தான் மிச்சம், புதுசாத் திறக்கக்கூடாதுன்னு 1998-லயே சட்டம். உங்க குராய்டனுக்குப் பக்கத்து சட்டன்ல மட்டும் அஞ்சு இருக்கு, அதான் நம்ம ஐ.டி. ஜனங்க மொத்தமா அங்க குடி போயிருக்காங்க. இயர் த்ரீலயே டியூஷன், சனிக்கிழமை கணக்கு, ஞாயித்துக்கிழமை மாக் டெஸ்ட், பரீட்சை இயர் சிக்ஸ் செப்டம்பர்ல. இந்த கும்பல்தான் தம்பி உங்ககிட்ட "நாங்க பிரைவேட்டுக்கெல்லாம் போகல, ஸ்டேட் ஸ்கூல்தான்"னு பெருமையாச் சொல்லும், மூணு வருஷ டியூஷன் கணக்கச் சொல்லாது. இலங்கைத் தமிழ்ச் சனம் இதுல கொஞ்சம் வெளிப்படை, என் எதிர்வீட்டு அக்கா "ஓம் தம்பி, ரெண்டு வேலை செய்துதான் டியூஷனுக்குக் கட்டினனான்"னு நேராச் சொல்லுவாங்க. நான் மட்டும் யோக்கியனான்னா இல்ல. என் சின்னவள அதே சட்டன் பரீட்சைக்குக் கூட்டிட்டுப் போனேன், காலைல மழையில ஆயிரக்கணக்குல புள்ளைங்க பென்சில் பையோட வரிசைல, அதுல என் ரெண்டு பக்கமும் நின்னது தமிழ்க் குடும்பங்கதான். அவ பாஸ் பண்ணிட்டா, சேர்த்துட்டேன். பில்லு வரல.

பெரியவன் பிரைவேட்ட விட்டப்புறம் ஈஸ்ட்ஹாம்ல சாதாரண கவர்ன்மென்ட் ஸ்கூல்லயே கடைசி வரைக்கும் படிச்சான், நல்லாத்தான் இருக்கான். லண்டன் அரசுப் பள்ளிங்க 2003-க்கு அப்புறம் லண்டன் சேலஞ்ச்னு ஒரு திட்டம் போட்டு தூக்கி விட்டாங்க, இப்ப நாட்டுலயே மத்த ஊரவிட லண்டன் ஸ்கூல் ரிசல்ட்தான் நல்லா இருக்கு. உங்காளுங்க சொல்ற "ஸ்டேட் ஸ்கூல்னா கத்திக்குத்து"ங்கிற கதை அவங்க யாரோ சொல்லக் கேட்டது, கண்ணால பாத்தது இல்ல. பிரைமரில மதியச் சாப்பாடும் இலவசம், 2023 செப்டம்பர்ல இருந்து லண்டன் மேயர் சாதிக் கான் எல்லா புள்ளைங்களுக்கும் குடுக்கிறார், உங்க பொண்ணு சாப்பிடுறாளா?

எங்கப்பா 2007 மே மாசம் வந்தார். அப்ப பையன் அந்த பிரைவேட்ல இருந்தான். என்ன ஸ்கூல்னு கேட்டார். நான் யோசிக்காம "பப்ளிக் ஸ்கூல்தான்ப்பா"ன்னேன். இங்க பப்ளிக் ஸ்கூல்னா ஈட்டன், வின்செஸ்டர் மாதிரி பணக்காரப் பிரைவேட் ஸ்கூலுக்குப் பேரு. ஈட்டன 1440-ல ஆறாம் ஹென்றி ராஜா 70 ஏழைப் பசங்களுக்குன்னு ஆரம்பிச்சார், எங்க போய் நிக்குது பாருங்க. எங்க ஓட்டை ஸ்கூல அந்தப் பேருல யாரும் கூப்பிட மாட்டாங்க, ஆனா பொய் சொல்லாம பொய் சொல்ல அந்த வார்த்தை எனக்கு வசதியா இருந்துச்சு.

அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணு, மார்க்ஸ் கல்லறை. ஆர்ச்வே ஸ்டேஷன்ல இறங்கி மேட்டுல நடந்தோம், ஹைகேட் கல்லறை வாசல்ல டிக்கெட். மார்க்ஸப் பாக்கக் காசா, அப்பா வாசல்லயே நின்னுட்டார், உள்ள வரமாட்டேன்னு. நான் காசக் கட்டி உள்ள கூட்டிட்டுப் போனேன். கல்லுல எழுதியிருக்கிறத வாய்விட்டுப் படிச்சார், சால்வையச் சரி பண்ணிக்கிட்டு போட்டோ எடுக்கச் சொன்னார். திரும்புற வழியில நான், எதுக்கோ, பொதுவாப் பேசுற மாதிரி, மார்க்ஸே காசில்லாம மேல்கோட்ட அடகு வச்ச காலத்துக்கப்புறமும் பொண்ணுங்கள ஹாம்ப்ஸ்டெட்ல காசு கட்டுற ஸ்கூலுக்கு அனுப்பினார், பியானோ, டிராயிங் எல்லாம் வச்சுக் குடுத்தார், 1865-ல நண்பர் ஏங்கெல்ஸுக்கு எழுதின கடிதாசில வரவுக்கு மேல செலவு பண்றேன், புள்ளைங்க எதிர்காலத்துக்காகன்னு எழுதியிருக்கார்னு சொன்னேன். அப்பா கேட்டுட்டே வந்தார். பஸ்ல உக்காந்தப்புறம்தான், "நம்ம பக்கமும் பப்ளிக் ஸ்கூல்னு போர்டு மாட்டி வச்சிருக்கான்டா. டெர்முக்கு எவ்வளவு?"ன்னார்.

சொன்னேன். ரூபாயில பெருக்கிப் பாத்திருப்பார், ஒண்ணும் சொல்லல. மறுநாள் காலைல நான் நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்தா, மனுஷன் அடுப்படி மேசைல துண்ட நனைச்சு விரிச்சு அதுக்கு மேல பேரனோட பிளேசருக்கு இஸ்திரி போட்டுட்டு இருக்கார். அந்தத் தங்க நூல் சின்னத்து மேல மட்டும் பெட்டிய வைக்காம சுத்திப் போனார்.

அதனால தம்பி, ஒரு வருஷம் எந்தப் பேப்பர்லயும் கையெழுத்துப் போடாதீங்க. புள்ள பேசலன்னா பயப்படாதீங்க, மொழிக்குள்ள வர்ற வரைக்கும் புள்ளைங்க அப்படித்தான் உம்முனு இருக்கும். என் பையன் ஈஸ்டருக்கு அப்புறம் பேசின மொத இங்கிலீஷ் வார்த்தை "நாட் ஃபேர்". ஒரு வருஷத்துக்கு அப்புறமும் பிரைவேட்தான்னு தோணிச்சுன்னா கட்டுங்க, நான் வந்து கேக்க மாட்டேன், ஊர்ல இருக்கிற தோழர்களுக்கு மட்டும் "பப்ளிக் ஸ்கூல்"னு சொல்லாதீங்க, கண்டுபிடிச்சிடுவாங்க. கையெழுத்துப் போடணும்னு கை அரிச்சுதுன்னா பொண்ணு பையத் திறந்து பாருங்க, அந்தக் குட்டி நோட்டு உள்ள இருக்கும்.